கடலுக்குள் ஏது வங்கி? 'பேங்க்' என்ற சொல் வந்த வழிகள்

கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றிய பழைய ஆங்கில அறிக்கை ஒன்றின் தமிழாக்கத்தைப் படித்தாராம். "முத்து வங்கிகள்" என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறதே என்று மூலத்தைத் திறந்து பார்த்தால் அங்கே இருப்பது 'பேர்ல் பேங்க்ஸ்'. "பணம் போடுகிற இடமும் பேங்க், ஆற்றங்கரையும் பேங்க், இப்போது கடலடியில் முத்து விளைகிற இடமும் பேங்க். இதெல்லாம் ஒரே சொல்லா, இல்லை எழுத்து மட்டும் ஒன்றாக அமைந்த வேறு வேறு சொற்களா?" என்பது கேள்வி.

வேர் ஒன்று. ஆனால் அது ஆங்கிலத்துக்குள் பல தடவை, பல வாசல் வழியாக, பல வேஷத்தில் வந்தது. அதனால் அகராதிகள் இவற்றை ஒரே தலைப்பில் அடைக்காமல் பேங்க் 1, பேங்க் 2, பேங்க் 3 என்று தனித்தனியாகப் போடுகின்றன. தாத்தா ஒருவர்தான், பேரன்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

பழைய ஜெர்மானிய மொழிகளில் இருந்த அந்த வேர், தரையைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கிற ஒன்றைக் குறித்தது. மண் குவிந்த மேடாக இருக்கலாம், உட்காருகிற திண்டாக இருக்கலாம், பலகையாக இருக்கலாம். இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த நேரடி வாரிசு 'பெஞ்ச்'. பள்ளிக்கூடத்து பெஞ்சும், 2004-இல் வந்த உயர்நீதிமன்ற மதுரைக் கிளையை நம் பக்கத்து ஆட்கள் "மதுரை பெஞ்ச்" என்கிறார்களே, அதுவும் இந்தச் சொல்தான். நீதிபதி உட்காரும் பலகை நீதிபதிக்கே பெயராகி, அப்புறம் நீதிமன்றத்துக்கும் ஆகிவிட்டது. பெஞ்சும் பேங்கும் ஒரே குடும்பம் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

கரை என்ற பொருளில் வருகிற பேங்க் கடல் தாண்டி வந்தது. டென்மார்க், நார்வே பக்கத்து ஆட்கள் 9-ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறினார்கள். அவர்கள் பேச்சில் மண் ஏற்றத்துக்கு இருந்த சொல் 1200 வாக்கில் ஆங்கில எழுத்தில் தென்படத் தொடங்குகிறது. முதலில் அது வெறும் மண்மேடு, சரிவு. ஆற்றின் இரண்டு பக்கமும் மண் உயர்ந்து சரிந்து நிற்பதால் ஆற்றங்கரைக்கும் அதே பெயர். இதில் தமிழர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நமக்குக் கடலுக்கும் கரை, வைகைக்கும் கரை, கண்மாய்க்கும் கரை, வேட்டிக்கும் கரை. ஆங்கிலத்தில் அப்படிக் கிடையாது. கடலுக்கு 'ஷோர்', ஆற்றுக்கு 'பேங்க்', கண்மாய்க்குப் பொதுப்பணித் துறைக் காகிதங்களில் 'பண்ட்'. இந்தப் பண்டுக்கும் பேங்குக்கும் உறவு இல்லை. அது பாரசீகச் சொல், இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயர் வாயில் ஏறியது. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பெயர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு 'பேங்க்' என்று சொன்னால் ஆங்கிலக்காரனுக்குப் புரியும்தான். ஆனால் இந்த ஊர்ப் பழைய ஆவணங்களில் தேடுவதாக இருந்தால் பண்ட் என்றுதான் தேட வேண்டும்.

வைகை நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலைத் தொடுகிற இடத்தில் இருக்கும் ஊருக்குப் பெயரே ஆற்றங்கரை. ஆற்றுக்கு 'லெஃப்ட் பேங்க்', 'ரைட் பேங்க்' என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம். ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் லெஃப்ட் பேங்க். வைகை கிழக்கு நோக்கி ஓடுவதால் மொத்தத்தில் வடகரை இடது, தென்கரை வலது.

இனி கடலுக்கு வருவோம், கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மண்மேட்டைக் குறித்த அதே சொல்லை மாலுமிகள் தண்ணீருக்கு அடியில் இருக்கும் மேட்டுக்கும் வைத்தார்கள். சுற்றிலும் ஆழமாக இருக்கும் கடலில் ஓரிடத்தில் மட்டும் தரை உயர்ந்து, ஆனாலும் கப்பல் தட்டாமல் போகிற அளவுக்குத் தண்ணீர் இருந்தால் கடல் வரைபடத்தில் அது பேங்க். கப்பலுக்கு ஆபத்தான அளவுக்கு மேலே வந்துவிட்டால் அதற்கு 'ஷோல்' என்று வேறு பெயர். வெளிச்சம் அடிவரை எட்டுவதாலும், நீரோட்டம் மேட்டில் மோதி ஊட்டச்சத்தை மேலே கிளப்புவதாலும் இந்த மேடுகளில் மீன் சேரும். உலகத்தின் பெயர்பெற்ற மீன்பிடி இடங்கள் பல பேங்க் என்று முடிவது இதனால்தான். வட கடலில் டாகர் பேங்க், கனடாவுக்கு அப்பால் கிராண்ட் பேங்க்ஸ், நமக்குப் பக்கத்தில் பருத்தித்துறையின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய பெட்ரோ பேங்க், கன்னியாகுமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க். 1976-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் வாட்ஜ் பேங்க் இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் வந்தது. இதையும் யாராவது "வாட்ஜ் வங்கி" என்று எழுதிவைத்தால், எந்த மாநிலத்துக் கூட்டுறவு வங்கி என்று படிக்கிறவர்கள் தேடுவார்கள்.

அடியில் இருப்பது மணலாக இருந்து, தண்ணீருக்கு மேலேயும் தலைகாட்டினால் 'சேண்ட்பேங்க்'. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் வரை வரிசையாகக் கிடக்கிறதே, அதுதான். நம் ஆட்கள் அதற்கு மணல் திட்டு, மணல் தீடை என்றெல்லாம் சொல்கிறார்கள். ஒன்றாம் திட்டு, இரண்டாம் திட்டு என்று எண்ணும் போட்டு வைத்திருக்கிறார்கள். 2022-இல் இலங்கை நெருக்கடியில் தப்பி வந்தவர்களைப் படகுக்காரர்கள் இறக்கிவிட்டுப் போனது இந்தத் திட்டுகளில்தான். அந்தச் செய்தியை எழுதிய தமிழ் நிருபர் யாரும் "மணல் வங்கி" என்று எழுதியதாக நான் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்த இடத்துக்குச் சரியான சொல் தானாக வந்துவிடுகிறது. தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கிற முத்து மேடு என்றால்தான் மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதல் வரிக்கு ஓடிவிடுகிறார்.

அந்த முத்து மேட்டுக்குத் தமிழில் காலங்காலமாக ஒரு பெயர் இருக்கிறது: பார். டாஸ்மாக் பார் இல்லை. கடலடியில் பரந்து கிடக்கிற கல்தரை. முத்துச்சிப்பி தன் உடம்பிலிருந்து நூல் போன்ற இழைகளை விட்டுக் கல்லைப் பற்றிக்கொண்டுதான் வளரும். வெறும் மணலில் அதற்குப் பிடிமானம் கிடையாது. நீரோட்டம் புரட்டிவிடும், மணல் மூடிவிடும். அதனால் மன்னார் வளைகுடாவில், பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், கல் தட்டுப்படுகிற இடமாகப் பார்த்துச் சிப்பி குடியேறுகிறது. குளியாட்கள் ஒவ்வொரு பாருக்கும் பெயர் வைத்திருந்தார்கள். தூத்துக்குடிப் பக்கம் தொலையிரம் பார், இலங்கைப் பக்கம் பெரிய பார். ஆங்கில அதிகாரிகள் அந்தப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய அறிக்கைகளிலேயே 'பார்' என்ற நம் சொல் ஆங்கில எழுத்தில் கிடக்கிறது, பொதுவாகச் சொல்லும்போது மட்டும் பேங்க்ஸ் என்பார்கள். அதாவது வெள்ளைக்காரன் பார் என்று எழுதியதை நாம் வங்கி என்று தமிழாக்குகிறோம்!

அதே அறிக்கைகளில் சங்குக்கு வரும்போது பெரும்பாலும் 'சேங்க் பெட்ஸ்' என்றிருக்கும். அது அச்சுப்பிழை இல்லை. சேங்க் என்பது சங்குதான், நம் பக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். பெட் என்று வேறு சொல் போட்டதற்கும் காரணம் உண்டு. சங்கு கல்லைப் பிடிப்பதில்லை, மணலில் பாதி புதைந்து நகர்ந்து புழுக்களைத் தின்று வாழ்கிறது. அதனால் சங்குக்குப் படுகை, முத்துக்குப் பார் என்று தமிழிலும் பிரித்து எழுதினால் விஷயம் தெரிந்தவர் எழுதியதாக இருக்கும். சங்கு, முத்து இரண்டிலும் ராமநாதபுரம் சேதுபதிகளுக்கு உரிமைப் பங்கு இருந்ததால் இந்தச் சொற்கள் சமஸ்தானக் காகிதங்களிலும் புழங்கியவை. புதிதாக எதையும் உருவாக்க வேண்டிய அவசியமே இல்லை.

பணம் போடுகிற பேங்க் வந்த வழி வேறு, கொஞ்சம் நீளம். ரோமப் பேரரசு சாய்ந்தபோது ஜெர்மானிய மக்கள் அலையலையாக இத்தாலிக்குள் இறங்கினார்கள். அதில் 568-இல் வந்த லாங்கோபார்டுகள் பெரிய கூட்டம். இப்படிப்பட்டவர்கள் வாயிலிருந்து பலகை என்ற சொல் இத்தாலிய மொழிக்குள் புகுந்து 'பாங்கா', 'பாங்கோ' ஆனது. வடஇத்தாலிய நகரங்களின் சந்தைகளில் நாணயம் மாற்றுகிறவர்கள் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் காசைப் பரப்பி உட்கார்ந்திருப்பார்கள். பலகை தொழிலுக்குப் பெயரானது. ஃபுளோரன்சில் மெதிச்சி குடும்பம் 1397-இல் தொடங்கிய நிறுவனமும், ஜெனோவாவில் 1407-இல் வந்த புனித ஜார்ஜ் வங்கியும் அந்தப் பலகையின் வளர்ச்சிதான். அங்கிருந்து பிரெஞ்சு வழியாக 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தது. லண்டனில் பண வியாபாரத்துக்குப் பேர்போன லம்பார்ட் தெருவின் பெயர், வடஇத்தாலியிலிருந்து வந்து கடை விரித்தவர்களால் ஏற்பட்டது.

கிரேக்க மொழியில் இன்றைக்கும் வங்கிக்குச் சொல் 'திராபெசா'. நேர்ப்பொருள் மேசை. இத்தாலியனைப் பார்த்து வைத்ததில்லை, அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கிரேக்கர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கே காசு பரப்பினார்களோ அந்த இடம் தொழிலின் பெயராவது உலகத்தில் பொதுவாக நடக்கிறது போலும். நம் பக்கத்தில் பலகை கிடையாது, பெட்டி. 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்திலேயே இருந்த செட்டிநாட்டில் லேவாதேவிக்காரர் தரையில் பாய் விரித்துப் பணப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தார். அந்த இடம் பெட்டியடி. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் வட்டித்தொழில் நடத்தியபோது இருந்த இடம் கிட்டங்கி. வரலாறு கொஞ்சம் வேறு மாதிரி ஓடியிருந்தால் இன்றைக்கு "ஸ்டேட் கிட்டங்கி" என்று ஒரு பெயர்ப்பலகை தொங்கியிருக்கலாம். நடந்தது என்னவென்றால், 1843-இல் தொடங்கிய பேங்க் ஆஃப் மெட்ராஸ் 1921-இல் வங்காளம், பம்பாய் வங்கிகளோடு சேர்ந்து இம்பீரியல் பேங்க் ஆகி, அது 1955-இல் ஸ்டேட் பேங்க் ஆனது.

பலகைக்கு இன்னும் சில பிள்ளைகள் உண்டு. 'பேங்க்ரப்ட்' என்பது இத்தாலிய மொழியின் 'பாங்கா ரோத்தா', உடைந்த பலகை. கடன் திருப்பித் தராதவனின் பலகையைச் சந்தையில் போட்டு உடைப்பார்கள் என்று ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் வரும். எனக்கு அந்தக் கதை மேல் பெரிய நம்பிக்கை இல்லை. தொழில் முறிந்தது என்று சொல்ல உடைசல் ஒரு இயல்பான பேச்சு, அவ்வளவுதான். தமிழிலும் "நொடித்துப் போனான்" என்கிறோம், யாரும் எதையும் போட்டு உடைப்பதில்லை. நம் ஊர்க் காட்சி மஞ்சள் கடுதாசி கொடுப்பது. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி 1906-இல் விழுந்து ஏராளமான பேரின் சேமிப்பு போன கையோடு, 1907-இல் இந்தியன் பேங்க் பிறந்தது என்பதையும் இந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

'பேங்க்வெட்' என்ற விருந்து, சின்னப் பலகை என்ற பொருளிலிருந்து வந்தது. முதலில் அது பெரிய விருந்துகூட இல்லை, பலகையில் உட்கார்ந்து சாப்பிடுகிற சிறு தீனி. 'மவுண்டபேங்க்' என்றால் போலி வைத்தியன். சந்தையில் பலகை மேல் ஏறி நின்று மருந்து விற்பவன்.

மூன்றாவது வாசல் பிரெஞ்சு. அங்கே 'பாங்' என்றால் உட்காரும் பலகை. துடுப்புக் கப்பலில் துடுப்பு வலிப்பவர்கள் வரிசையாகப் பலகைகளில் உட்கார்ந்ததால், ஒரு வரிசைத் துடுப்புக்கு ஆங்கிலத்தில் 'எ பேங்க் ஆஃப் ஓர்ஸ்'. அப்புறம் வரிசையாக இருக்கிற எதற்கும் அது பொருந்திவிட்டது: இசைக்கருவியின் கட்டைகள், சுவிட்சுகள், விளக்குகள். துணைமின் நிலையத்தில் 'கெப்பாசிட்டர் பேங்க்' என்கிறார்களே, அது இந்த வகை. பேட்டரிகளை அடுக்கிக் கோத்தால் 'பேட்டரி பேங்க்', அதுவும் இந்த வகை. ஆனால் சட்டைப்பையில் வைக்கிற 'பவர் பேங்க்' இந்த வகை இல்லை. அதில் எதுவும் வரிசையாக நிற்பதைச் சொல்லவில்லை. மின்சாரத்தைச் சேர்த்து வைத்து வேண்டும்போது எடுக்கிறோம், பணத்தைப் போல. அது பண வங்கியின் பிள்ளை.

சேமிப்பு என்ற இந்தப் பொருள் 20-ஆம் நூற்றாண்டில் காட்டுத்தனமாக வளர்ந்தது. சிகாகோவில் பெர்னார்ட் ஃபாண்டஸ் என்ற மருத்துவர் 1937-இல் தன் மருத்துவமனையின் ரத்தச் சேமிப்புக்கு 'பிளட் பேங்க்' என்று பெயர் வைத்தார். போட்டு வைக்கலாம், எடுக்கலாம் என்ற கருத்து மக்களுக்குச் சட்டென்று பிடித்தது. அதன் பின்னால் கண் வங்கி, விதை வங்கி எல்லாம் வரிசைகட்டின. 'வோட் பேங்க்' நம் நாட்டுச் சரக்கு. சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் 1955-இல் ஒரு மைசூர் கிராமத்தைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தினார். அவர் சொன்னது, ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் கையில் இருக்கும் ஓட்டுகளைக் கட்சிக்குத் திருப்பிவிடுவதை. இன்றைக்கு நாம் வாக்கு வங்கி என்று சொல்வது ஒரு சாதியை, ஒரு மதத்தை. பொருள் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. இந்தச் சொற்களுக்கெல்லாம் தமிழில் வங்கி என்று போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, பொருள் ஒன்றுதானே.

வினையாக வரும்போதும் இரண்டு குடும்பமும் பிரிந்தே நிற்கிறது. ஒருவரை நம்பியிருப்பது 'பேங்க் ஆன்', இது பணத்திலிருந்து. நெருப்பு அணையாமல் மெல்லக் கனிய, அதன்மேல் சாம்பலோ கரித்தூளோ குவித்து மூடுவது 'பேங்க்', இது மண்மேட்டிலிருந்து. விமானம் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்வதும் 'பேங்க்', இதுவும் மண்சரிவின் சாய்வு. உச்சிப்புளி கடற்படை விமானத்தளத்துக்கு ஐ.என்.எஸ். பருந்து என்று பெயர். அங்கே எழும்பும் விமானம் கடல் பக்கம் சாய்ந்து திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள் மறக்காது. வளைவுச் சாலையின் வெளிவிளிம்பை உயர்த்திப் போடுவதற்கும் பதினோராம் வகுப்பு இயற்பியலில் இதே சொல்தான்.

கேட்டவர் கீழக்கரைக்காரர் என்பதால் இரண்டு எச்சரிக்கை. பள்ளிவாசலில் சொல்கிற பாங்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது பாரசீகம், கூவி அழைப்பது என்று பொருள். "பாங்கு சொல்லியாச்சு" என்பதை யாரும் தவறாகப் புரிந்துகொள்ளப் போவதில்லை, ஆனால் அரபிக்கடல் வழி வந்த சொல்லையும் இத்தாலிச் சொல்லையும் முடிச்சுப் போட்டு ஆராய்ச்சி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, தமிழில் வங்கி என்றால் தோள்பட்டைக்குக் கீழே பெண்கள் அணியும் நகை. பேங்க் என்ற ஒலியை ஒட்டி வங்கி என்று எழுதத் தொடங்குமுன்பே இருந்த சொல் அது. ஆகவே மீன்பாடு இல்லாத மாதத்தில் "வங்கியை வங்கியில் வைத்துவிட்டோம்" என்று ஒரு வீட்டில் சொன்னால் அது பிழையற்ற தமிழ்.

படிக்கும்போது பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன். முன்னால் 'ஆன் த பேங்க்' என்று வந்தால் பெரும்பாலும் கரை அல்லது கடல் மேடு. 'இன் த பேங்க்' என்றால் பணம். கடலோ வளைகுடாவோ பக்கத்தில் இருந்து, சொல்லும் பன்மையில் 'பேங்க்ஸ்' என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு பார் அல்லது திட்டு என்று எழுதலாம். அடியில் கல்லா மணலா என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று.

அந்தத் தமிழாக்கத்தில் 'இன்ஸ்பெக்டர் ஆஃப் த பேர்ல் பேங்க்ஸ்' என்ற பதவியும் எங்காவது வந்திருக்கும், பாருங்கள். இலங்கையில் ஆங்கிலேயர் காலத்தில் உண்மையாகவே இருந்த உத்தியோகம். "வங்கி ஆய்வாளர்" என்று போட்டிருந்தால் ரிசர்வ் பேங்கிலிருந்து யாரோ கணக்குப் பார்க்க வந்தது போல இருக்கும். அவர் பார்த்த கணக்கு வேறு. குளியாட்களோடு படகில் போய், ஒவ்வொரு பாரிலும் ஆளை இறக்கி, சிப்பி எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது, என்ன வயது என்று பார்ப்பார். மாதிரிக்கு அள்ளி வந்த சிப்பியைத் திறந்து, அதில் கிடைக்கும் முத்துக்கு விலை மதிப்பிடுவார். தேறும் என்றால் அந்த வருஷம் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவிப்பார்கள், தேறாவிட்டால் பாரைச் சும்மா விட்டுவிடுவார்கள். அவரை "முத்துப்பார் கண்காணிப்பாளர்" என்று எழுதுங்கள்.